த்ரில்லர் எல்பியில் கேட்டால் நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறதா?

வாசகர் கேள்வி: மே 11, 2024

எல்பியில், அதாவது பழைய கருப்பு இசைத்தட்டில், கேட்டால்தான் பாட்டு, மற்றதெல்லாம் வெறும் சத்தம் என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னிடம் ஒரு ஃபோனும் சுமாரான இயர்போனும்தான் இருக்கின்றன. மைக்கேல் ஜாக்சனின் த்ரில்லர் ஆல்பத்தை அதிலேயே நூறு தடவையாவது கேட்டிருப்பேன். எல்பியில் அப்படி என்ன கூடுதலாக வந்துவிடப் போகிறது? பந்தா இல்லாமல் யாராவது சொல்லுங்கள்.

மே 11, இரவு 10.40

அந்த ‘ஒருவர்’ நான்தான். பந்தா இல்லாமல் சொல்கிறேன், ஆனால் சொன்னதிலிருந்து பின்வாங்க மாட்டேன்.

என் மச்சினன் நியூஜெர்சியில் இருக்கிறான். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்தபோது விற்ற பழைய பெல்ட் டிரைவ் பிளேயர் (மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைச் சுற்றும் வகை) ஒன்றை வாங்கி, துணிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். 110 வோல்ட் மெஷின் என்பதால் வோல்டேஜைக் குறைக்கும் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். த்ரில்லர் தட்டை சென்னை அல்லிக்குளத்தில் ஒரு பழைய ரெக்கார்டு கடையில் பிடித்தேன், 1,400 ரூபாய். உறையின் ஓரம் கரையான் தின்றதுபோல் இருந்தது, ஆனால் உள்ளே விரித்தால் அந்தப் புலிக்குட்டிப் படம் பளிச்சென்று இருந்தது. இரண்டு வாரமாகத் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான்.

என்ன வித்தியாசம் என்றால், முதலில் கனம். அதில் வரும் பில்லி ஜீன் பாட்டின் ஆரம்பத்தில் டிரம்ஸ் மட்டும் இரண்டு சுற்று வந்து, பிறகு பேஸ் கிடார் நுழையுமே, அது ஃபோனில் காதுக்குள் நிற்கிறது, இதில் அடிவயிற்றில் இறங்குகிறது. அவருடைய குரலே கொஞ்சம் முதிர்ந்து, நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கிறது. ஃபோனில் இருக்கும் அந்தப் பரபரப்பு இதில் இல்லை. எல்பிக்காரர்கள் ‘சூடான சத்தம்’ என்று சொல்வது இதைத்தான்.

மே 12, காலை

“நிதானமாகப் பாடுகிறாராம், அதே ரெக்கார்டிங்தானே சார்” என்று கேட்டவருக்கு: அதே ரெக்கார்டிங்தான், ஆனால் இந்த ஆல்பமே தட்டை மனதில் வைத்துச் செதுக்கப்பட்டது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1982இல் லாஸ் ஏஞ்சலஸ் வெஸ்ட்லேக் ஸ்டூடியோவில் வேலை எல்லாம் முடித்து, மாதிரித் தட்டு வெட்டிக் கேட்டபோது கேவலமாக இருந்ததாம். தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸே சொன்ன விஷயம். ஜாக்சன் அழுதேவிட்டார். காரணம் பாட்டு இல்லை, நேரம். தட்டில் முள் ஓடும் கோடு ஒரே நீளமான சுருள். பேஸ் சத்தம் பலமாக வேண்டுமானால் கோடு இடமும் வலமும் அகலமாக அசைய வேண்டும், பக்கத்துக் கோட்டோடு இடிக்காமல் இருக்க இடம் விட வேண்டும். ஒரு பக்கத்தில் 25 நிமிடத்தைத் திணித்தால் கோடுகள் நெருங்கும், நெருங்கினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும், குறைத்தால் பாட்டு ஒல்லியாகிவிடும். ஒரு பக்கத்துக்கு 19 நிமிடத்துக்குள் இருந்தால்தான் உருண்டு திரண்டு வரும் என்பது குவின்சி கணக்கு.

அதனால் இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு, தினம் ஒரு பாட்டு என்று எட்டு நாள் உட்கார்ந்து மறுபடி மிக்ஸ் செய்தார்கள், அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்தார்கள். ‘தி லேடி இன் மை லைஃப்’ பாட்டில் ஒரு சரணம் போனது. பில்லி ஜீனின் முன்னிசை வெட்டுப்பட்டது. அதை வெட்ட ஜாக்சனுக்கு மனமே இல்லை, அதைக் கேட்டால்தான் ஆடத் தோன்றுகிறது என்று வாதாடினாராம். வெட்டிய பிறகே அவர் வாயைத் திறக்க அரை நிமிடம் ஆகிறது, வெட்டுவதற்கு முன் எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

மே 12, மதியம்

உறையில் போட்டிருக்கும் நேரங்களைக் கூட்டிப் பார்த்தேன். முதல் பக்கம் 20 நிமிடம், இரண்டாம் பக்கம் 22க்குக் கொஞ்சம் மேல். ஆக அவ்வளவு அழுது, வெட்டி, ஒட்டியும் 19க்குள் வரவில்லை! கல்யாணப் பட்ஜெட் மாதிரிதான்.

இன்னொரு சந்தேகம். நான் கடிகாரம் பார்த்த வரை என் வீட்டில் முதல் பக்கம் முடிய 24 நிமிடம் ஆகிறது. பாட்டுக்கு நடுவே இருக்கும் இடைவெளி எல்லாம் சேர்ந்து அவ்வளவு வருமா? யாருக்காவது தெரிந்தால் சொல்லவும்.

மே 19

சிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

அந்த 24 நிமிடத்தைப் பார்த்துவிட்டு கோவை நண்பர் ஒருவர் ஒரே வரி எழுதினார்: “அமெரிக்க பிளேயரா? தட்டு மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, மூன்று நிமிடத்தில் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள்.” நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அதனால் மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 வர வேண்டும். நல்ல கணக்கு, எனக்கு இத்தனை நாளாகத் தோன்றவில்லை.

சமையலறையிலிருந்து விலைச் சீட்டு ஒன்றை எடுத்து லேபிள் ஓரத்தில் ஒட்டினேன். மகள் ஃபோனில் டைமர் வைத்தாள், நான் குனிந்து எண்ணினேன். 83. மறுபடி எண்ணினேன். 83தான்.

விஷயம் இதுதான். இந்தப் பழைய பிளேயரில் இருக்கும் மோட்டார், கரண்டின் துடிப்பைப் பார்த்துச் சுற்றுகிற வகை. அமெரிக்காவில் வினாடிக்கு 60, நம் ஊரில் 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், துடிப்பைத் தொடாது. ஆக ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் தட்டு சுற்றியிருக்கிறது. நாலரைக் கட்டைச் சுருதியில் இருக்க வேண்டிய பில்லி ஜீன் என் வீட்டில் இரண்டரைக் கட்டையில் ஓடியிருக்கிறது. ஐந்து நிமிடப் பாட்டு ஆறு நிமிடம்.

முதிர்ச்சி, நிதானம், சூடு, அடிவயிறு என்று மே 11 அன்று நான் எழுதியதெல்லாம் எதைப் பற்றி என்று இப்போது தெரிந்திருக்கும். அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

மே 19, சற்றுப் பிறகு

இல்லை, எனக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்கிறீர்கள். தோன்றியது. போன மாதம் அக்காவுக்கு ஃபோன் செய்து தட்டைப் போட்டுக் காட்டியபோது, “என்னடா இது, ஹெட்மாஸ்டர் பாடுற மாதிரி இருக்கு” என்றாள். எல்பியில் அப்படித்தான்கா, உனக்குப் பழக்கம் இல்லை என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன்.

மே 27

சரி செய்தாயிற்று. மோட்டார் தண்டில் பெல்ட் ஓடும் சின்னப் பித்தளை உருளையை 1.2 மடங்கு பெரிதாகச் செய்தால் கணக்கு நேராகிவிடும். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். அங்கிருந்த பெரியவர் அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்து, “எந்த வண்டியோடது?” என்று கேட்டார். பாட்டுத் தட்டு சுற்றுவது என்றதும், எம்ஜிஆர் பாட்டு இருக்கா என்றார். இரண்டாவது முயற்சியில் 100 சுற்று, 3 நிமிடம், ஒரு வினாடிகூடத் தப்பவில்லை.

இப்போது பந்தா இல்லாத பதில். சரியான வேகத்தில் கேட்டால் ஃபோனுக்கும் இதற்கும் நான் எழுதிய அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஃபோனை அதே ஆம்ப்ளிஃபையரில் சொருகி, மனைவியை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டேன். எது எது என்று சொல்ல முடிந்தது, ஆனால் சத்தத்தின் அழகால் அல்ல, தட்டின் பொரிச் சத்தத்தால். பொரியும் சத்தத்தை மறந்துவிட்டால் பாதிக்குப் பாதிதான். உயரமான சத்தங்களில், சிம்பல் மாதிரியானவற்றில், ஃபோன்தான் தெளிவு. கேள்வி கேட்ட நண்பரே, இது உங்களுக்கு முதல் வெற்றி.

பேஸ் மட்டும் இன்னும் நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது. அது என் ஸ்பீக்கராகவும் இருக்கலாம். பில்லி ஜீன் டிரம்ஸுக்காக ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் பலகையில் தனியாக ஒரு மேடையே அடித்து வைத்து, டிரம்முக்கு உறை தைத்துப் போட்டு ரெக்கார்டு செய்தார். பாட்டை 91 தடவை மிக்ஸ் செய்துவிட்டு, கடைசியில் இரண்டாவதாகச் செய்ததையே எடுத்துக்கொண்டார்கள். எப்பேர்ப்பட்ட குப்பை ஸ்பீக்கரிலும் அந்த டிரம்ஸ் நிற்கும். அதில் எல்பிக்குப் பெருமை எதுவும் இல்லை.

ஜூன் 1, இரவு

அப்படியானால் ஏன் இன்னும் தினமும் அதையே போடுகிறேன்? ஒரு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், இன்றைக்குப் பிடிபட்டது.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு த்ரில்லர். அதன் முடிவில் பழைய பேய்ப்பட நடிகர் வின்சென்ட் பிரைஸ் அந்தக் கட்டைக் குரலில் செய்யுள் படிப்பார். ஸ்டூடியோவுக்குப் போகும் டாக்ஸியில் உட்கார்ந்து அதன் ஒரு பகுதியை, இந்தப் பாட்டை எழுதிய ராட் டெம்பர்டன் எழுதினார் என்பார்கள். படித்து முடித்ததும் அந்தச் சிரிப்பு. அந்த இடத்தில் முள் எங்கே இருக்கிறது தெரியுமா? லேபிளுக்குப் பக்கத்தில், தட்டின் உள் ஓரத்தில். வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் வினாடிக்கு அரை மீட்டர் கோடு ஓடுகிறது. உள்ளே வரவர வட்டம் சுருங்கி, கடைசி வரையில் வெட்டினால் 21 செ.மீ.தான் மிஞ்சும். அதே ஒரு வினாடிச் சத்தத்தைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுதியாக வேண்டும். அதனால் உள்ளே போகப் போகக் குரல் கொஞ்சம் கரகரக்கும். எல்பியின் குறை இது, ஆனால் பேய்ச் சிரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

சிரிப்பு முடிகிறது. ஒரு கதவு மூடுகிற சத்தம். அவ்வளவுதான். அப்புறம் டிக், டிக் என்று முள் உள்வட்டத்தில் சுற்றுகிறது. என் பிளேயரில் முள்ளைத் தாங்கும் கை தானாகத் தூக்காது, நான்தான் எழுந்து போக வேண்டும். அந்த ஏழெட்டு வினாடி கூடத்தில் ஒன்றும் இல்லை. மின்விசிறிச் சத்தம், பக்கத்து ஃப்ளாட்டில் குக்கர். எழுந்து போய், தட்டைத் திருப்பி, துடைத்து, முள்ளை வைத்த பிறகுதான் அடுத்த பாட்டான பீட் இட் ஆரம்பத்தில் வரும் அந்த மணிச் சத்தம்.

ஃபோனில் கேட்டுப் பாருங்கள். சிரித்து முடித்த கையோடு டொய்ங் என்று மணி அடித்துவிடும். பயப்பட நேரமே கொடுக்காது. சின்ன வயதில் மாமா வீட்டில் இதைக் கேட்கும்போது, சிரிப்பு முடிந்து வரும் அந்த நிசப்தத்தில் நானும் அக்காவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நாற்பது வருடம் கழித்து அந்த நிசப்தம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. எல்பியில் கூடுதலாக வருவது அதுதான்.

ஜூன் 2

தட்டை எப்படிக் கழுவுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு, மைக்ரோஃபைபர் துணி. கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்கவும், குறுக்கே தேய்க்காதீர்கள். லேபிளில் தண்ணீர் படக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு தடவை. சென்னை ஈரக்காற்றில் பூஞ்சை திரும்ப வரும், வந்தால் திரும்பக் கழுவ வேண்டியதுதான்.

கழுவியும் போகாத ஒரு கீறல் ‘தி கேர்ள் இஸ் மைன்’ பாட்டில் இருக்கிறது. அந்தப் பாட்டில் பால் மெக்கார்ட்னியும் இவரும் ஒரே பெண்ணுக்காகச் சண்டை போடுவார்கள், அவள் என்னுடையவள், இல்லை என்னுடையவள் என்று. சரியாக அந்த இடத்தில் முள் மாட்டிக்கொண்டு பின்னால் குதிக்கிறது. நான் எழுந்து தட்டாவிட்டால் விடியும்வரை பஞ்சாயத்து தீராது.

சூட்கேஸ் மாதிரி வரும் மலிவு பிளேயர் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: அவற்றில் பலவற்றில் முள்ளின் பாரம் ஐந்து கிராமைத் தொடும், நல்ல பிளேயரில் இரண்டு கிராம் அளவில்தான். பழைய தட்டு, பிடித்த தட்டு என்றால் அதில் போடாதீர்கள்.

ஜூன் 9

“நிசப்தம் எல்பியின் சொத்து இல்லை, கேசட்டிலும் பக்கம் உண்டு, திருப்பித்தானே போட்டோம்” என்கிறார் சேலத்து நண்பர். ஒத்துக்கொள்கிறேன். நான் மாமா வீட்டில் கேட்டதே கேசட்தான், எல்பி இல்லை. அங்கேயும் சிரிப்பு முடிந்து, பிளே பட்டன் டக்கென்று மேலே எழும்பி, நிசப்தம் வந்தது. அப்படியானால் எல்பியைப் பற்றிய பேச்சையே விட்டுவிடலாம், இரண்டு பக்கம் இருந்தால் போதும். சிடிதான் அதைக் கெடுத்தது என்று மாற்றிக்கொள்கிறேன்.

ஜூன் 10

ஜூன் 1, ஜூன் 9 இரண்டிலும் நான் எழுதிய சின்ன வயது ஞாபகம் தப்பு. அக்கா இதைப் படித்துவிட்டுத் திருச்சியிலிருந்து ஃபோன் செய்தாள்.

“கையைப் பிடிச்சோம், சரி. நிசப்தம் எங்கடா வந்துச்சு? நம்ம கேசட்ல சிரிப்பு முடிஞ்ச உடனே டொய்ங்னு அடிக்கும், நீ தூக்கிப்போட்டு எழுவ.”

சண்டை போட்டேன். அப்புறம் அவள் சொன்னதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமாவிடம் இருந்தது கம்பெனி கேசட் இல்லை. 84இல் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் 60 நிமிடக் கேசட் கொடுத்துப் பதிந்து வாங்கியது, உள்ளட்டையில் கடைக்காரர் கையெழுத்தில் பாட்டு வரிசை. ஒரு பக்கம் 30 நிமிடம். எல்பியின் முதல் பக்கம் 20. மிச்சம் 10 நிமிடத்தைக் கடைக்காரர் சும்மா விடுவாரா? பீட் இட் நாலேகால், பில்லி ஜீன் ஐந்து, மொத்தம் 29 சொச்சம். அதற்கப்புறம் ஹ்யூமன் நேச்சர் ஆரம்பித்து, அவர் நாலு வரி பாடுவதற்குள் டேப் தீர்ந்து டக். மறுபக்கத்தில் அதே பாட்டு முதலிலிருந்து. கடைசியில் மிஞ்சிய இடத்தில் போனி எம் குழுவின் பாட்டுகள்.

நினைத்துப் பார்க்க இன்னொன்றும் புரிகிறது. அந்தக் கடைக்காரர் எல்பியிலிருந்துதான் பதிந்திருக்கிறார், கேசட்டில் பொரிச் சத்தம் கேட்கும். சிரிப்பு முடிந்ததும் பாஸ் பட்டனை அழுத்திவிட்டு, எழுந்து போய்த் தட்டைத் திருப்பி வைத்து, பாஸை எடுத்திருக்கிறார். ஆக அந்த நிசப்தம் அவர் கடையில் இருந்தது. எங்களுக்கு வந்து சேரவில்லை. நான் அதை முதன்முதலாகக் கேட்டது இந்த வருடம்தான், ஐம்பது வயதில். அதையும் மெதுவாகச் சுற்றிய தட்டில், மூன்று அரைச்சுரம் கீழே.

இதைத்தான் ‘திரும்பக் கிடைத்தது’ என்று கண் கலங்க எழுதினேன். கேள்வி கேட்ட நண்பருக்கு இது இரண்டாவது வெற்றி.

ஜூன் 11

“ஃபோனில் கேட்பவனும் உங்கள் பால்யமும் ஒன்றுதான் என்கிறீர்களா” என்கிறார் அவர். ஆமாம் ஐயா, அப்படித்தான் ஆகிவிட்டது. விடுங்கள்.

ஆனாலும் அந்த ஏழெட்டு வினாடி எனக்குப் பிடித்திருக்கிறது. பால்யத்தில் இல்லை என்பதற்காக இப்போது பிடிக்கக்கூடாதா?

ஜூன் 16

அக்கா ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வந்திருந்தாள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு தட்டைப் போட்டேன். சரியான வேகத்தில் கேட்டதும், “இப்பதான்டா பையன் குரல்” என்றாள். மெக்கார்ட்னி பஞ்சாயத்தில் மாட்டியபோது நான் எழுந்து தட்டினேன். த்ரில்லரில் கதவு கிரீச்சிட்டதும் காலை சோபா மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அறுபதைத் தொடப் போகிறவள்.

பிரைஸ் சிரித்து முடித்தார். டிக், டிக். இதுதான்கா அந்த நிசப்தம், கவனி என்று சைகை காட்டினேன். அவளும் கவனித்தாள், இரண்டு வினாடி. பிறகு வாயாலேயே “டொய்ங்” என்றாள்.

திருப்பிப் போட்டேன். பீட் இட், பில்லி ஜீன். ஹ்யூமன் நேச்சர் ஆரம்பித்து அவர் நாலாவது வரியைத் தொடும்போது நான் சோபாவிலிருந்து பாதி எழுந்துவிட்டேன், அவள் கை ஏற்கெனவே இல்லாத டேப் ரெக்கார்டர் பக்கம் நீண்டிருந்தது. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.